சபையை விட்டு விலகுகிறவருக்கு மனசாட்சி இல்லையா?

கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை தன் சபையிடமே "எனக்கு உடன்பாடில்லை" என்று சொன்னால், அதன் மனசாட்சியைக் காப்பவர் யார்?

நான் வளர்ந்தது காவேரிப்பட்டணம் பக்கம், வேறொரு சிறிய சபையில். (பெயர் வேண்டாம், அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.) பூ, சினிமா, எருது விடும் விழா, உலகத்தார் (சபைக்கு வெளியே இருப்பவர்கள்) வீட்டுப் படையல் எதுவும் கூடாது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களை உண்மையில் கட்டிவைத்தது, பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளைக் கண்காணித்த ஏற்பாடு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அந்த வாரம் யார் என்ன செய்தார்கள் என்று மூப்பர் சிறுவர்களைத் தனித்தனியாக விசாரிப்பார். மாரியம்மன் பண்டிகையில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாவிளக்கை நான் தின்றது அப்படித்தான் வெளியே வந்தது. எல்லோர் முன்பும் முழங்காலில் நிறுத்தி, எத்தனை வாய் தின்றாய் என்றுகூடக் கேட்டார். அம்மா தலை நிமிரவே இல்லை.

எனக்குச் சந்தேகம் வேதத்தைப் படித்து வரவில்லை. அம்மா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது ஜெபம் போதும் என்றார் மூப்பர். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர், நரகத்துக்குப் போவார் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்த அதே அக்கா.

பின்னாளில் விலகினேன். என்னோடு பேசக் கூடாது என்று வீட்டாருக்கு உத்தரவு வந்தது. தங்கையின் திருமணத்துக்கு எனக்கு அழைப்பில்லை.

சட்டம் இங்கே தடுமாறுகிறது. ஒருவரை மத சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதைத் தடுத்த 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தை, தாவூதி போரா என்ற இஸ்லாமியப் பிரிவின் தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016இல் சட்டம் இயற்றியது. அப்படியொன்று நமக்கும் வேண்டும். தன் பதிவேட்டிலிருந்து என் பெயரை அடிக்கச் சபைக்கு உரிமை உண்டு; என் அம்மாவின் தொலைபேசி அழைப்பைத் தடுக்க இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தால் கொதிக்கும் நண்பர்கள், சபை ஒதுக்கினால் மட்டும் "அது அவர்கள் மத விஷயம்" என்று நகர்ந்துவிடுவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.