பட்டாம்பூச்சிப் பாடத்தைப் புல்தரையில் தொடங்குங்கள்

பட்டாம்பூச்சி என்றாலே முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று ஒரு வட்டப்படம் போட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். எங்கள் பேராசிரியர் அந்தப் படத்தை ஒருநாளும் வரைந்ததில்லை. முதல் வகுப்பிலேயே எங்களை ஒரு எலுமிச்சைச் செடி முன்னால் நிறுத்தி, "ஒரு மணி நேரம் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் பூச்சி வந்தது. இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டியது. பறந்தது. அடுத்த இலை, மறுபடி தட்டல். ஐந்தாறு இலைக்குப் பிறகு ஒரு தளிரில் வயிற்றை வளைத்து, வெளிர்மஞ்சளில் கடுகளவு முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போனது. "காலால் ருசி பார்த்துவிட்டுத்தான் முட்டை வைக்கும். தப்பான செடியில் வைத்தால் குஞ்சுப்புழு பட்டினியில் செத்துப்போகும்" என்றார். சூழலியல் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

அடுத்தது நடை. ஒரே பாதை, வாரம் ஒருமுறை, நிதானமான நடை. இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அதற்குள் தென்படும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். பிரிட்டனில் எர்னி பொல்லார்ட் உருவாக்கிய முறை இது. 1976 முதல் அங்கே நாடு முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒன்றும் தென்படாத நாளில் நான் தாளை வெறுமையாக விட்டேன். "பூஜ்யம் என்று எழுது. எழுதாவிட்டால் நீ போகவேயில்லை என்று ஆகிவிடும்" என்று திருத்தினார்.

இந்தப் பொறுமை எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெருநீலப் பட்டாம்பூச்சியின் கதையைத்தான் சொல்வேன். பிரிட்டனில் அது குறைந்துகொண்டே வந்தபோது, வலையோடு வந்து பிடித்துப்போகிறவர்கள்தான் காரணம் என்று நினைத்து வேலி போட்டார்கள். வேலிக்குள்ளும் அது அழிந்தது. 1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் அது மிஞ்சியிருந்த கடைசி இடத்திலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். அதன் புழு மூன்று வாரம் போல காட்டுத் தைம் என்ற மணமுள்ள சிறுசெடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போனதும் அந்த எறும்பின் குஞ்சுகளையே தின்று பத்து மாதம் போல வளரும். அந்தக் குறிப்பிட்ட எறும்புக்கோ, வெயில் மண்ணில் நன்றாக இறங்க வேண்டும். புல் ஓரிரு அங்குலம் உயர்ந்தாலே மண் குளிர்ந்து, வேறு எறும்பு இடம் பிடித்துவிடும். மேய்ச்சல் நின்றதும், 1950களில் நோய் வந்து முயல்கள் செத்ததும்தான் புல்லை வளர்த்துவிட்டன. வேலியும் ஆடுமாடுகளை உள்ளே விடவில்லை.

அவர் முடிச்சை அவிழ்த்த நேரத்தில் காலம் கடந்துவிட்டது. 1979இல் பிரிட்டனில் அந்த இனம் அற்றுப்போனது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால், மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983இல் ஸ்வீடனிலிருந்து எடுத்துவந்து விட்டார்கள். இன்று அது அங்கே மறுபடியும் பறக்கிறது. எறும்பின் உயிரைப் புல்லின் உயரத்தில் கண்டுபிடித்த ஆராய்ச்சி! இதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இப்படி ஒரே இடத்தைப் பத்து, இருபது வருடம் கவனிக்கிற ஆசிரியரைக் கல்லூரிகள் எப்படி அளக்கின்றன? இந்த வருடம் எத்தனை கட்டுரை என்று. எங்கள் பேராசிரியரிடமும் அதைத்தான் கேட்டார்கள். மாணவர்களை வெளியே கூட்டிப்போனது கற்பித்தல் கணக்கிலும் வரவில்லை, ஆராய்ச்சிக் கணக்கிலும் வரவில்லை. இது பெரிய அநியாயம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் எர்லிக் என்ற உயிரியலாளரும் அவர் மாணவர்களும் 1960 வாக்கில் தொடங்கி, ஒரே குன்றில் ஒரே பட்டாம்பூச்சி இனத்தைத் தலைமுறை தலைமுறையாக எண்ணினார்கள். 1990களின் முடிவில் அது அங்கே அற்றுப்போனபோது, மழை வருடத்துக்கு வருடம் தாறுமாறாக மாறியதன் பங்கைக் காட்ட முடிந்ததே அந்த நீண்ட கணக்கால்தான். மூன்று வருடத் திட்டப்பணம் இதைச் செய்யாது.

பூச்சிகளுக்காகப் பூச்செடி வைக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தேன் கொடுக்கிற செடி மட்டும் போதாது, புழு தின்கிற செடியும் வையுங்கள். இலை ஓட்டையானால் மருந்து அடிக்காதீர்கள்.

என் நடைப் பாதையில் போன வாரமும் பூஜ்யம்தான். எழுதி வைத்திருக்கிறேன்.