கல்லுக்குப் பக்கத்து மேசை

நாற்பத்தாறு வயதில், பிறந்து வளர்ந்த ஊரில், எண்ணெய் புரோட்டாவை முதல்முறையாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊர் விருதுநகர். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் நம்பாமல் போக ஒன்றுமில்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் புரோட்டா என்றாலே பார்சல்தான். அப்பா சைக்கிளில் வாங்கி வருவார். வாழையிலையில் பொட்டலம், தனியே ஒரு பையில் நூல் சுற்றிக் கட்டிய சால்னா. வீடு வந்து சேர்வதற்குள் இலைக்குள்ளேயே ஆவியில் புழுங்கி, முறுகல் போய், இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். அதுதான் எண்ணெய் புரோட்டா என்று நானும் அம்மாவும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் அப்பாவோடு போய்க் கடையிலேயே சாப்பிட்டு வருவான். "அங்க இருக்கிற ருசி இதுல இல்ல" என்பான். எங்களுக்குப் புரியாது.

போன மாதம் பள்ளித் தோழி சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் பஜார் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அடுப்புப் பற்றவைக்கும் நேரம். "இன்னைக்குப் பார்சல் கிடையாதுடி, உட்கார்ந்து சாப்பிடுறோம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கால் கூசியது. படியேறியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு நொடி எல்லாத் தலையும் திரும்பியது. கல்லடியில் நின்ற கடைக்கார அண்ணாச்சி மட்டும் சாதாரணமாக, "வாங்கம்மா, இந்த மேசைல உட்காருங்க, காத்து வரும்" என்றார். அவ்வளவுதான். திரும்பிய தலைகள் இலைக்குப் போய்விட்டன.

மொத்தமே ஆறு மேசை. வெள்ளையடித்த சுவரில் காமராஜர் படம், வாசலில் ஒரு வேப்பமரம், மஞ்சள் பல்பு வெளிச்சம். நாங்கள் இருந்தது கல்லுக்குப் பக்கத்து மேசை. அதனால் முழுவதையும் பார்த்தேன். கல்லின் நடுவில் குழி. அதில் எண்ணெய் நிற்கிறது. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிய மாவு அதில் விழுந்து, பொரிந்து, ஓரம் சிவக்கிறது. சட்டுவத்தால் எடுத்துக் குழிக்கு வெளியே சரித்து வைக்கிறார். எண்ணெய் வடிந்து குழிக்கே திரும்புகிறது. அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. 1923-இல் விருதுபட்டி விருதுநகரானது. எண்ணெய், மல்லி, வத்தல், பருப்பு என்று யாவாரத்திலேயே வளர்ந்த ஊர். இங்கே புரோட்டாவை எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

இலையில் நாலு விழுந்தன. தோழி பிய்த்துப் போட்டாள். நொறுக்கென்ற அந்தச் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன். சால்னா வாளியோடு வந்த தம்பி "ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு நிறையவே ஊற்றினான். மேல் பக்கம் சால்னாவைக் குடித்து இளகியிருக்கிறது, உள்ளே அடுக்கு அடுக்காகச் சூடு, ஓரம் மட்டும் இன்னும் கடிபடுகிறது. இந்த நிலை ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். எந்தப் பொட்டலத்திலும் இதைக் கட்டிக்கொண்டு போக முடியாது. கூட ஒரு மட்டன் சுக்கா சொன்னோம், அதுவும் நன்றாகவே இருந்தது.

சாப்பிடச் சாப்பிட எனக்கு வருத்தமாகிவிட்டது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த ஒரு பண்டத்தை அவர் ஒருநாளும் அதன் ருசியோடு சாப்பிட்டதில்லை. யாரும் வரக்கூடாது என்று தடுக்கவில்லை. "பொம்பளைகளுக்குப் பார்சல் வாங்கிக்கலாம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பில்தான் முறுகல் போனது.

மைதாவும் எண்ணெயும் உடம்புக்கு ஆகாது என்று கமெண்டில் சொல்வீர்கள். சரி, மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் அந்த ஒருமுறையை ஆறிப்போய் ஏன் சாப்பிட வேண்டும்? இப்போது ஆப்பில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்பாவின் சைக்கிள் போய் வேறு வண்டி வந்திருக்கிறது, புரோட்டா அதே ரப்பர்தான்.

சின்னக் கடை நடத்தும் அண்ணாச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன். பெண்களுக்கென்று ஏசி ரூம், ஃபேமிலி ரூம் எல்லாம் கட்ட வேண்டாம். கை கழுவும் இடத்தில் ஒரு நல்ல விளக்கு போடுங்கள். படியேறும்போது "பார்சலாம்மா?" என்று கேட்காமல் "உட்காருங்கம்மா" என்று சொல்லுங்கள். பெண்களிடமும் கேட்கிறேன்: இரண்டு பேராகப் போங்கள். முதல் நிமிஷம்தான் கஷ்டம். அதற்கப்புறம் நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சரிலிருந்து அவளுடைய மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தது வரைக்கும். யாரும் எங்களை எழுப்பவில்லை.

பார்சல் வாங்காமலேதான் வீட்டுக்குப் போனேன். அம்மா கையைப் பார்த்துவிட்டு, "எங்கடி சாப்பிட்ட?" என்றார். சொன்னேன்.

"அங்க பொம்பளைக உட்காருறாகளா?"

"நாங்க உட்கார்ந்தோம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பல்லுக்கு ஆகுமா என்று கேட்டார். சால்னாவில் ஊறினால் மெதுவாகிவிடும் என்றேன். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பலாம், கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.