கில்டால் அன்று ஊர் சுற்றப் போகவில்லை

‘ஐபிஎம்காரர்கள் வாசலில் நிற்க, கேரி கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால்தான் பில் கேட்ஸ் கோடீஸ்வரர் ஆனார்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை.

கில்டால், சிபி/எம் என்ற இயங்குதளத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, எழுதியவர். 1980-இல், தன் புதிய பிசிக்கு இயங்குதளம் தேடி ஐபிஎம் அவரிடம் வந்த அன்று அவர் விமானத்தில் போனது நிஜம். போனது தொழில் வேலையாக, ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க. ஒப்பந்தப் பேச்சுகளை வழக்கமாகவே கவனித்தவர் மனைவி டோரதி. அன்றும் அவர்தான் இருந்தார். ஐபிஎம் நீட்டிய, தங்களுக்கே சாதகமான ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கியதில்தான் பேச்சு சிக்கியது.

அப்புறம், கதவு அதோடு மூடிவிடவும் இல்லை. சிபி/எம்மின் அடுத்த வடிவமான சிபி/எம்-86-ஐயும் தன் பிசிக்கு விற்க ஐபிஎம் பின்னால் ஒத்துக்கொண்டது. விலையைப் பாருங்கள்: பில் கேட்ஸின் மைக்ரோசாஃப்ட் கொடுத்த பிசி டாஸ் என்ற இயங்குதளம் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. கடையில் நிற்பவர் எதை எடுப்பார்?

அந்த டாஸும் மைக்ரோசாஃப்ட் எழுதியதல்ல. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸில் டிம் பேட்டர்சன் எழுதியதை விலைக்கு வாங்கினார்கள். சிபி/எம் நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ளும்படி, நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அதன் அழைப்புகளைப் பார்த்தே அவர் அதை அமைத்திருந்தார். வட்டு டிரைவைக் குறிக்கும் ‘ஏ’ என்ற எழுத்தும், கணினியை முடுக்கியதும் முதலில் ஓடும் மென்பொருளுக்கான ‘பயாஸ்’ என்ற பெயரும் கில்டாலின் சிபி/எம்மிலிருந்து பிசிக்கு வந்தவை. கணினியை முடுக்கியதும் பயாஸ் திரையைப் பார்த்தவர்கள் எல்லாருமே அவர் வைத்த பெயரைத்தான் படித்திருக்கிறார்கள்.