பைத்தான் 3.12-க்காக இயங்குதளத்தின் இணைப்பை மாற்ற வேண்டாம்

உபுண்டு 22.04 சர்வரில் ஓடும் ஜாங்கோ (பைத்தானில் வலைச் செயலிகளை எழுத உதவும் நூலகம்) செயலியைப் பைத்தான் 3.12-க்கு மாற்ற, பைத்தான்3 என்ற இணைப்பை (அந்தக் கட்டளை எந்தப் பதிப்பை இயக்க வேண்டும் எனச் சுட்டும் கோப்பு) 3.12-க்குத் திருப்பினால் போதும் என ஒருவர் கூறியிருப்பது சரியன்று. புதியவர்கள் அதை நம்பிவிடக் கூடாது. அந்த இயங்குதளத்துடன் வருவது 3.10 என்பதால், அதற்கெனவே தொகுக்கப்பட்ட ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) தொகுதிகளைப் பயன்படுத்தும் கருவிகள் இணைப்பு மாறியதும் பிழை காட்டி நின்றுவிடும். பழைய மெய்நிகர் சூழலும் (ஒரு செயலிக்கான நூலகங்களைத் தனியாக வைக்கும் கோப்புறை) உதவாது. அதன் நூலகங்கள் 3.10 எனப் பெயரிட்ட கோப்புறையில் கிடக்க, 3.12 அங்கே தேடுவதே இல்லையாதலால், நிறுவிய ஜாங்கோவையே காணவில்லை என்று செயலி முறையிடும். இணைப்பைத் தொடாமல் 3.12-ஐத் தனியாக நிறுவி, அதைக் கொண்டே புதிய மெய்நிகர் சூழலை உருவாக்கி, சார்பு நூலகங்கள் அனைத்தையும் அதில் மீண்டும் நிறுவுங்கள். பிறகு சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) கோப்பில், செயலியை இயக்கும் வலைச் சேவையகமான குனிகார்னின் புதிய சூழலிலுள்ள முழுப் பாதையைக் கொடுத்து (பலர் மறப்பது இதைத்தான்), அக்கோப்பைச் சிஸ்டம்டி மறுவாசிக்கச் செய்து சேவையை மீண்டும் தொடங்குங்கள்.