புத்தகச் செலவும் கட்டணம்தான்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான கியூனிக்கு அரசு எவ்வளவு பணம் தர வேண்டும் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும், தேவையான சண்டைதான். ஆனால் அதில் பாடப்புத்தகத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

1847-ல் நகர மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்படுத்திய இலவசக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது கியூனி. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் காசில்லாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1975-ல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே எல்லா மாணவர்களுக்கும் கட்டணம் விதித்தார்கள். பிறகு நான்காண்டுக் கல்லூரிகளின் செலவை மாநிலம் ஏற்றுக்கொண்டது. ஈராண்டுக் கல்லூரிகளுக்கு இன்றும் நகரமும் சேர்ந்து பணம் தருகிறது.

சரி, கட்டணத்தை உயர்த்த வேண்டுமென்றால் அறங்காவலர் குழு பொதுவில் கூடி வாக்கெடுக்க வேண்டும். மாணவர்கள் வந்து எதிர்த்துப் பேசலாம். புத்தக விலையை உயர்த்தப் பதிப்பகம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாநிலம் தரும் டேப் உதவித்தொகையோ கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். அதிலிருந்து புத்தகத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்க முடியாது.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, மாணவர் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே புத்தகத்தின் பெயரையும் விலையையும் கல்லூரி காட்ட வேண்டும். குறுந்தகடு, பயிற்சி நூல் என்று ஒரே கட்டாக விற்பதைப் பதிப்பகங்கள் தனித்தனியாகவும் விற்க வேண்டும். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த தாய்லாந்து மாணவர் ஒருவர், தன் ஊரிலிருந்து மலிவாக வாங்கி வரவழைத்த வைலி பதிப்பகப் புத்தகங்களை அமெரிக்காவில் விற்றது சரிதான் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்தியப் பதிப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறிய நம் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

ஆனால் வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்கலாம் என்ற உரிமை, கையில் புத்தகம் இருந்தால்தானே உதவும்? இப்போது விற்பது ஆக்சஸ் கோடு, அதாவது பதிப்பகத்தின் இணையதளத்துக்குள் நுழைவதற்கான குறியீடு. வீட்டுப்பாடமும் தேர்வும் அந்தத் தளத்தில்தான் என்றால், கோடு வாங்காத மாணவருக்கு மதிப்பெண் இல்லை. ஒரு முறை பயன்படுத்தினால் முடிந்தது, செமஸ்டர் கடைசியில் பாதி விலைக்கு விற்கவும் வழியில்லை, சீனியரிடம் இரவல் வாங்கவும் முடியாது. மதிப்பெண்ணுக்கு விலை வைத்த பிறகு அதைப் புத்தகச் செலவு என்று சொல்வது நியாயமில்லை. அது கட்டணம்.

2017-ல் மாநிலம் யாரும் காசில்லாமல் படிக்கவும் பகிரவும் கூடிய திறந்த பாடநூல்களுக்காகக் கியூனிக்கு 40 லட்சம் டாலர் ஒதுக்கியது. நல்ல பலன் கிடைத்தது. புத்தகச் செலவே இல்லாத வகுப்பு எது என்று இன்று பதிவுப் பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாம். பொதுப்பணத்தை இதைவிட நன்றாகச் செலவழிக்க முடியாது என்பேன்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் உரிமை, அதில் கை வைக்கக் கூடாது என்பார்கள். வைக்க வேண்டாம். கோடு இல்லாமல் மதிப்பெண் கிடையாது என்ற வகுப்புகளில் அந்தக் கோடுக்கான பணத்தை மாணவரிடம் வாங்காமல் துறையின் பட்ஜெட்டிலிருந்து கொடுக்கட்டும். அப்புறம், திறந்த பாடநூல் எழுதும் பகுதிநேர ஆசிரியர்களுக்கு அந்த உழைப்புக்குத் தனிச் சம்பளம் தரட்டும். அடுத்த பட்ஜெட் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேளுங்கள்.