பச்சைக் கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் "மலையகத்தின் அழகு" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்" என்றுதான் தொடங்குவார்கள். எழுதுவது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை. காலையில் அட்டைக்கடியோடு பாடசாலைக்கு வந்த பிள்ளை. அதன் அம்மா இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு அந்தக் "கம்பளத்துக்குள்" நின்றுதான் கொழுந்தெடுக்கிறார். பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். அப்படி எழுதினால் புள்ளி விழுகிறது, டியூஷனிலும் அப்படித்தான் பாடமாக்கச் சொல்கிறார்கள். தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இந்தக் கம்பளத்தை நான் மிதித்த அளவுக்கு வேறு யாரும் மிதித்திருக்க மாட்டார்கள்.

இதைக் காட்டித்தான் "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனை குறைவு" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கற்பனைக்கு ஒரு குறைவும் இல்லை. முதலில் வாயில் வந்த பதிலோடு நின்றுவிடப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழகியதை மாற்றிப் பழக்கலாம்.

ஜே. பி. கில்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், படைப்பாற்றலை யாரும் சரியாக ஆராய்வதில்லை என்று 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமை உரையிலேயே குறைப்பட்டவர். சாதாரணமான ஒரு பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனை அவர் வழியாகத்தான் பரவியது. செங்கல் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது வீடு கட்டலாம், சுவர் கட்டலாம். நேரம் போகப் போகத்தான் யாரும் சொல்லாத பதில்கள் வருகின்றன என்று அவரும் கூட்டாளிகளும் 1957இலேயே எழுதிவிட்டார்கள்.

நான் செங்கலுக்குப் பதிலாக உரச்சாக்கைக் கொடுத்தேன். உருளைக்கிழங்கு கட்டலாம், விறகு கட்டலாம், மழைக்குத் தலையில் போடலாம் என்று கடகடவென்று வந்தது. பிறகு ஒரே அமைதி. ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொறுக்கமுடியாமல் தாங்களே ஒரு பதிலைச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் சும்மா நிற்கவேண்டும். கஷ்டம்தான். நின்றால், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே கட்டினால் தண்ணீர் ஒரு பக்கமாக வடியும், கட்டிலை நகர்த்தத் தேவையில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும். செத்த வீட்டில் விரித்து விடிய விடிய கார்ட்ஸ் விளையாடலாம் என்று இன்னொன்று சொல்லும். கற்பனை குறைவாம்!

அந்த அமைதியை இப்போது போன் சாப்பிட்டுவிடுகிறது. தலைப்பைக் கேட்ட உடனே கூகுள், இல்லாவிட்டால் சாட்ஜிபிடி. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை தருவது ஊரார் எல்லோருக்கும் முதலில் தோன்றக்கூடிய பதில். அதைப் பார்த்த பிறகு நமக்கென்று ஒன்று தோன்றுவது பெரும்பாடு. அதனால் முதலில் கொப்பியில் கிறுக்குங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. போன் எங்கேயும் ஓடிப்போகாது.

பெரியவர்களின் கூட்டங்களிலும் இதே கதைதான். கோயில் திருவிழாக் கூட்டத்தில் தலைவர் முதலில் ஒன்றைச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். கூட்டமாக உட்கார்ந்து யோசிப்பவர்களைவிட, அதே எண்ணிக்கையானவர்கள் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தால் கூடுதலான யோசனைகள் கிடைக்கின்றன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1958இலேயே காட்டியது. ஆளுக்கொரு துண்டில் எழுதி வாங்கிவிட்டுப் பேச ஆரம்பித்தால் என்ன குறைந்துவிடும்? தலைவரின் கௌரவம் கொஞ்சம் குறையலாம்.

நடப்பதும் உதவுகிறது. 2014இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், வெறும் சுவரைப் பார்த்தபடி நடைக்கருவியில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிடப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. பஸ் வராத ரோட்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. காதில் பாட்டை மாட்டிக்கொள்ளாமல் நடந்தால் போதும். கூடையைச் சுமந்து நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்லப் போகாதீர்கள், அடி விழும்.

சொந்தமாக யோசி என்றால் யாரிடமும் எதையும் எடுக்காதே என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். மலையகத் தொழிற்சங்கவாதி மீனாட்சி அம்மாளைப் பாருங்கள். 1940இல் தொழிலாளருக்காகப் பாட்டுப் புத்தகம் போட்டபோது அவர் புது மெட்டுத் தேடி அலையவில்லை. சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டிலேயே உரிமையைப் பாடினார். மெட்டு இரவல், சொன்ன விஷயம் அவருடையது. அவருடைய கணவர், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனவர். புடவை விற்கிறவனைத் தோட்டத்தை நடத்தும் துரை தடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைச் சங்க வேலைக்குப் பொருத்திப் பார்த்தது அவர் மூளை. நம் பிள்ளைகளுக்குப் புதிய சிந்தனை என்றால் ஐன்ஸ்டைனை மட்டும் காட்டுகிறோம்.

இந்தத் தவணை "மலையகத்தின் அழகை" எடுத்துவிட்டு, "பீலிக்கரையில் நான் கேட்ட ஒரு சண்டை" என்று தலைப்புக் கொடுத்தேன். பீலிக்கரை என்றால் லயத்துச் சனங்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். வழிகாட்டிப் புத்தகம் எதிலும் அதற்கு விடை இல்லை. ஒரு பிள்ளையின் அப்பா பாடசாலை வாசலில் மறித்துக் கேட்டார்.

"சேர், இது ஓ.எல். பரீட்சைக்கு வருங்களா?"

வராது என்றேன். சரியென்று கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"அந்தச் சண்டையில எங்க வீட்டுப் பேரு வருதுங்களா சேர்?"