பழைய போர்டு யாரிடம் இருக்கிறது?

போன மாதம் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. வாங்கி 13 மாதம்தான். கம்பெனி சர்வீஸ் ஆள் கழற்றிப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சு சார். கரண்ட் ஏறி இறங்கியிருக்கும். வாரண்டியும் போன மாசமே முடிஞ்சிருச்சு” என்றார். 6,800 ரூபாய். புது போர்டை மாட்டி, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதே லைனில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாஷிங் மெஷினுக்கு மட்டும் கரண்ட் தனியாக ஏறி இறங்கியதாம்.

பாரிஸில் இருக்கும் சித்தப்பா மகளிடம் புலம்பினேன். “கரண்டாலதான் போச்சுன்னு அவங்க நிரூபிக்கட்டும். நீ ஏண்ணா காசு கொடுத்தே?” என்றாள். அவள் கேட்டது அந்த ஊருக்குச் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்டப் பொறுப்பு உண்டு. அதுவும் விற்ற கடைக்காரரின் பொறுப்பு, ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்று கைகாட்டித் தப்ப முடியாது. முதல் ஓராண்டுக்குள் பழுதானால், விற்றபோதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கடைக்காரர் நிரூபிக்க வேண்டும். பிரான்ஸில் இந்தச் சலுகை 2 ஆண்டுக்கும் உண்டு. சட்டம் தரும் இந்த 2 ஆண்டைத் தெளிவாகச் சொல்லாமல் காசுக்குக் கூடுதல் பாதுகாப்பு விற்றதற்காக, 2011-ல் இத்தாலி ஆப்பிளுக்கு 9 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஆண்டுக் கணக்கே கிடையாது. விலைக்கும் தன்மைக்கும் ஏற்ப நியாயமான காலம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய வழக்குகளுக்குப் பேர்போன அமெரிக்காவிலோ, எழுத்துப்பூர்வ வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. கொடுத்தால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் 1975-ல் விதி வந்தது.

சரி, நம் ஊர்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆசையாகப் படித்தேன். மெஷின் வெடித்து என் கை போனால் அது உதவும். மெஷினே போனால் உதவாது, பொருளுக்கே வந்த சேதம் அதில் சேராது. அதற்குப் பழையபடி ‘குறைபாடுள்ள பொருள்’ என்றுதான் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம். ஆனால் குறை இருந்தது என்று காட்டும் பாடு நம் தலையில்தான். பரிசோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தச் செலவையும் நம்மையே கட்டச் சொல்லலாம். ஒரு போர்டின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று செய்தவனுக்குத் தெரியுமா, துணி துவைத்தவனுக்குத் தெரியுமா? முதல் ஓராண்டுக்காவது இந்தச் சுமையை விற்றவர் பக்கம் மாற்றியிருக்கலாம்.

எப்படியும் புகார் போடுவோம் என்று நேற்று உட்கார்ந்தேன். பில் இருக்கிறது, வாரண்டி அட்டை இருக்கிறது, 6,800-க்கு ரசீது இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய போர்டு மட்டும் அந்த சர்வீஸ் ஆளின் பையில் போய்விட்டது.